இரண்டாம் பாகத்தில் கத்தரி போடாதீர்கள்

பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக்காட்டப் புதிதாக வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். முதல் பாகத்தை அழகாக முடித்துவிடுகிறார்கள். சூனியக்காரிகளும் மந்திரமும் வரும் இருண்ட கதையின் அடுத்த பாகம் கைக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள், அதுவும் ஒரு காலத்தில் நான் தடுமாறிய அதே இடங்களில். நிறுத்தி நிதானமாகப் படிப்பது, படத்தைக் காட்டுவது எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுவோம்.

அட்டையில் உள்ள எண்ணை நம்புவது

சி. எஸ். லூயிஸின் நார்னியா கதை வரிசையில் இன்றைய பதிப்புகள் பலவற்றில் 1 என்று எண் போட்டு வருவது 'தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ'. அது வெளிவந்ததோ 1955இல், ஆறாவதாக. வெள்ளைச் சூனியக்காரி எங்கிருந்து வந்தாள், பனிக்காட்டின் நடுவே தெருவிளக்கு எப்படி முளைத்தது என்பதற்கெல்லாம் அதில் விடை இருக்கிறது. 1950இல் வந்த முதல் நூலைப் படித்து மண்டையைக் குடைந்துகொண்டவர்களுக்குத்தான் அந்த விடை. கேள்வியே எழாத பிள்ளையிடம் அதைக் கொடுத்து என்ன பயன்? வெளிவந்த வரிசையில் படியுங்கள்.

இன்னொரு தொல்லை, தலைப்பு. ஜோசப் டிலேனியின் ஒரு வரிசையில் இரண்டாம் பாகமான 'தி ஸ்பூக்ஸ் கர்ஸ்' அமெரிக்காவில் 'கர்ஸ் ஆஃப் தி பேன்' என்ற பெயரில் வந்தது. புதுப் பாகம் என்று நினைத்து ஒரே கதையை இரண்டு முறை வாங்கியவர்கள் உண்டு.

சூனியக்காரி என்றாலே கீச்சுக்குரல்

வேண்டாம். தணிந்த குரலில் பேசுகிறவள்தான் பயங்கரமானவள்.

பயமான இடத்தை வாசிக்கும்போதே வெட்டுவது

இதை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டெரி பிராட்செட்டின் 'எ ஹேட் ஃபுல் ஆஃப் ஸ்கை' (2004). 'தி வீ ஃப்ரீ மென்' (2003) கதையின் தொடர்ச்சி. (இனி கதையின் ரகசியங்கள் உடையும். படிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். தாண்டாதே என்று சொல்லும் பகுதியையே தாண்டச் சொல்வது எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது.) பதினொரு வயது டிஃபனி சூனியம் பயிலப் போகிறாள். தன் உடம்பை விட்டு வெளியே வந்து நின்று தன்னையே பார்த்துக்கொள்ளும் வித்தை அவளுக்குத் தெரியும். திறந்துபோட்ட வீடு மாதிரி கிடக்கும் அந்த உடம்புக்குள் 'ஹைவர்' என்ற உருவமற்ற ஒன்று புகுந்துவிடுகிறது. அதன் பிடியில் இருக்கும்போது, வீவல் என்ற கிழவர் தன்னை அடக்கம் செய்வதற்காகப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த காசை எடுத்துவிடுகிறாள். அவளுக்குக் கற்றுத்தரும் மிஸ் லெவலுக்கு இரண்டு உடம்பு. அதில் ஒன்றை ஹைவர் கொன்றுவிடுகிறது.

ஒருநாள் இதைப் பிள்ளைகளுக்கு வாசித்தவர் இளகிய மனசுக்காரர். திருட்டைத் தாண்டினார். சாவையும் தாண்டினார். "அப்புறம் எல்லாம் சரியாப் போச்சு" என்று சொந்தமாக ஒரு வரியை ஒட்டவைத்தார். பிறகு ஒரு கட்டம் வருகிறது: போய்விட்ட உடம்பின் கைகளால் மிஸ் லெவல் இன்னமும் பொருள்களைத் தூக்குகிறாள். முன்வரிசைச் சிறுமி கேட்டாள், "இன்னொரு மிஸ் லெவல் எங்கே?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

"அப்ப அதை யாரு தூக்குறா?"

அவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, மீதியை நாளைக்குப் படிக்கலாம் என்றார். மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

முதல் பாகத்தில் பிள்ளைக்கு மந்திரம் கைகூடுகிறது. அடுத்த பாகத்தில் அதே மந்திரம் அவளைத் திருப்பித் தாக்குகிறது. இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். அதனால் நீங்கள் வெட்டும் இடம் பெரும்பாலும் பின்னால் வருவதற்கெல்லாம் அடித்தளமாக இருக்கும். ஹைவர் செய்த கெடுதலில் தன் மனசின் ஓர் ஓரமும் கலந்திருந்தது என்று டிஃபனி உணர்கிறாள். திருட்டே நடக்கவில்லை என்றால் அவள் எதற்காகக் குன்றிப்போக வேண்டும்? கிழவர் அவள் முன்னாலேயே பெட்டியைத் திறக்கும் கட்டத்தில் கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே பார்த்தால் தங்கம். டிஃபனிக்குத் துணையாக வரும் குட்டி மனிதர்களான ஃபீகிள்கள் போட்டு வைத்தது. அடக்கத்துக்குச் சேர்த்த கிழவர் கல்யாணம் செய்துகொள்ள யோசிக்கிறார்! திருட்டை வெட்டினால் இந்தச் சந்தோஷமும் சேர்ந்து போய்விடுகிறது.

முதலில் தனியாக உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் படித்துவிடுங்கள். இந்தப் பிள்ளைக்கு இது தாங்காது என்று பட்டால் புத்தகத்தையே தள்ளிப் போடுங்கள். வாசிப்பது என்று முடிவு செய்தால் வெட்டாமல் வாசியுங்கள். குரலை இறக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம். சாவு வந்ததும் சற்று நிறுத்தினால் அவர்களே கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அன்றைய வாசிப்பை அங்கேயே முடித்துவிடாமல், கதையில் கொஞ்சம் மூச்சுவிடும் இடம் வரை போய் நிறுத்துங்கள். இரண்டு பக்கம் சேர்ந்து புரளும் சத்தம் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். எதையோ மறைக்கிறீர்கள் என்று புரிந்துவிட்டால், புத்தகத்தில் இருப்பதைவிடக் கொடூரமான ஒன்றை அவர்களாகவே கற்பனை செய்துகொள்வார்கள்.

ஒரே வரிசை என்பதால் ஒரே வயதுக்கு என்று நினைப்பது

உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசை 1968இல் தொடங்கியது. மூன்றாம் நூல் 1972இல் வந்தது. நான்காவதான 'டெஹானு' வர 1990 ஆகிவிட்டது. அதற்குள் எழுதியவரும் மாறியிருந்தார், எழுத்தும் மாறியிருந்தது. பெரியவர்களால் வதைக்கப்பட்டு நெருப்பில் போடப்பட்ட ஒரு சிறுமி அதில் வருகிறாள். முதல் மூன்றையும் ஆசையாகப் படித்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதே வேகத்தில் இதையும் நீட்டாதீர்கள். சில வருடம் கழித்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

முன்கதைச் சுருக்கத்தை நீங்களே சொல்வது

பிள்ளைகளைச் சொல்லவிடுங்கள். தப்பாகச் சொன்னால் இன்னொரு பிள்ளை திருத்தும்.

பின்னட்டையை உரக்கப் படிப்பது

முதல் பாகத்தில் யார் பிழைத்தார்கள் என்பதை இரண்டாம் பாகத்தின் பின்னட்டை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடும். பழுப்புத்தாளில் அட்டை போட்டுவிடுங்கள்.