இராக அழிப்பாங்கதைகளைக் காதால் விடுவிக்கும் வழி

திருநெல்வேலிச் சீமையில் விடுகதைக்கு அழிப்பாங்கதை என்று பெயர். ஆச்சி கதை போடுவாள். பிள்ளைகள் அதை அழிக்க வேண்டும், அதாவது விடுவிக்க வேண்டும். அதே விளையாட்டைக் கர்நாடக இசையில் வைத்துக்கொண்டு, பாளையங்கோட்டையிலும் கல்லிடைக்குறிச்சியிலும் தென்காசியிலும் இருக்கும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் கூடி ஆடிவருகிறோம். புதிதாக வந்து சேர்பவர்களுக்கு இசையறிவு குறைவில்லை. ஆனாலும் முதல் சில நாள்கள் அவர்கள் தடுமாறுகிறார்கள். புதிரை அவர்கள் கண்ணால் படிப்பதுதான் அதற்குக் காரணம். இசைப் புதிரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். விடை பெரும்பாலும் எழுத்தில் இருப்பதில்லை, ஒலியில்தான் இருக்கிறது.

எளிய வகையிலிருந்து தொடங்கலாம். "அவர் ஆளிடம் சொல்லியனுப்பினார்" என்ற வாக்கியத்தில் ஓர் இராகம் ஒளிந்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் நிறுத்திப் படித்தால் அது அகப்படாது. இடைவெளியை மறந்து ஒரே மூச்சில் "அவராளிடம்" என்று சொன்னால் வராளி வெளியே வந்துவிடும். ஆகவே மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்கு அடுத்து உயிரெழுத்து வரும் இடங்களை முதலில் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். சில வாக்கியங்களில் இராகம் ஒளியாமல் கண்ணெதிரே வேறு பொருளில் நிற்கும். "நாட்டைப் பாடிப் புகுந்தவர் பாயைச் சுருட்டிப் புறப்பட்டார்" என்பதில் நாட்டையும் சுருட்டியும் இருக்கின்றன. கச்சேரியின் தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று அவை பொருந்தி நிற்பதைக் கண்டால், புதிர் போட்டவர் பொழுதுபோக்காகச் சொற்களை அடுக்கவில்லை என்பது விளங்கும்.

ச (சட்சம்), ரி (ரிஷபம்), க (காந்தாரம்), ம (மத்திமம்), ப (பஞ்சமம்), த (தைவதம்), நி (நிஷாதம்) என்ற ஏழு சுரங்களை வைத்து ஆடும் ஆட்டம் இதைவிடச் சுவையானது. "பனையேறி இறக்குகிறான், சுரமோ ஏறுகிறது, அது என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். அகராதியில் உள்ள பதநீரை எழுதிப் பார்த்தவர்கள் கடைசி ரகர ஒற்றை என்ன செய்வதென்று திகைத்தார்கள். ஒருவர் அதை ரிஷபம் என்றே வாதாடினார். உடன்குடிப் பக்கத்தில் பேசுகிறபடி "பதனி" என்று சொல்லிப் பார்த்தவர் உடனே அழித்துவிட்டார். பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்று மூன்றும் வரிசையாக மேலே ஏறுகின்றன.

பாட்டின் அசையும் அது நிற்கும் சுரமும் ஒன்றாக அமைவதற்குச் சுவராட்சரம் என்று பெயர். சுரத்தின் எழுத்தே அப்படியே வந்தால் சுத்தம் என்றும், மெய் மட்டும் ஒத்து உயிர் மாறி வந்தால் சூசிதம் என்றும் பிரிப்பார்கள். இந்தச் சூசிதத்தை ஒப்புக்கொண்டால் நம் ஆற்றின் பெயரே ஒரு சுரக்கோவையாகிவிடுகிறது: தா, மி, ர, ப, ர, ணி. தைவதம், மத்திமம், ரிஷபம், பஞ்சமம், மீண்டும் ரிஷபம், இறுதியில் நிஷாதம். ஓர் அசைகூட வீணாகவில்லை. டண்ணகரத்தை, அதாவது ணகரத்தை, நிஷாதமாக ஏற்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. காதுக்கு உறுத்தாதவரை நான் ஏற்றுக்கொள்கிறேன். "சட்சமும் இல்லை, காந்தாரமும் இல்லை, ஆனாலும் பொதிகையிலிருந்து கடல்வரை பாடிக்கொண்டே போகிறது" என்று யாராவது கேட்டால் உங்களுக்கு விடை தெரியும்.

இனி எண்ணைக் கொண்டு அழிக்கும் கதைகளுக்கு வருவோம். மற்ற இராகங்களுக்குத் தாயாக நிற்கும் மேளகர்த்தா இராகங்கள், சுருக்கமாக மேளங்கள், 72. அவை ஆறாறாக 12 சக்கரங்களில் அடங்குகின்றன. சக்கரங்களின் பெயர்களே எண்களைச் சொல்கின்றன: இந்து ஒன்று, நேத்திரம் இரண்டு, அக்கினி மூன்று, வேதம் நான்கு, பாணம் ஐந்து, ருது ஆறு, ரிஷி ஏழு, வசு எட்டு, பிரம்மா ஒன்பது, திசி பத்து, ருத்திரர் பதினொன்று, ஆதித்தியர் பன்னிரண்டு. இதை மனப்பாடம் செய்யாமல் களத்தில் இறங்க வேண்டாம். "காமன் தொடுத்த ஐந்தாம் கணை, எரித்தவன் கழுத்திலேயே நகையாயிற்று" என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரர்கள் ஐந்தாம் மேளமான மானவதிக்குத் தாவுவார்கள். கணை என்ற சொல்லைப் பாணம் என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தால்தான் கதவு திறக்கும். பாண சக்கரத்துக்கு முன்னால் நான்கு சக்கரங்கள், 24 மேளங்கள் போய்விட்டன. ஆகவே அதன் முதல் மேளம் 25, ஐந்தாவது 29. காமனை எரித்தவன் சங்கரன், அவன் கழுத்தில் கிடக்கும் நகை ஆபரணம், எனவே சங்கராபரணம். எண்ணும் பொருளும் இப்படித் தனித்தனியே வந்து ஒரே இடத்தில் சந்தித்தால்தான் விடையை அனுப்ப வேண்டும். ஒன்று மட்டும் பொருந்தினால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது.

மூன்றாவது சாட்சியாக, எழுத்துகளுக்கு இலக்கம் கொடுக்கும் கடபயாதி முறை இருக்கிறது. மேளப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குரிய இலக்கங்களை எடுத்துத் திருப்பிப் போட்டால் மேளத்தின் எண் வரும். தீரசங்கராபரணத்தில் தீ ஒன்பது, ர இரண்டு. 92ஐத் திருப்பினால் 29. தமிழில் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான், ஏனென்றால் இந்த முறை வடமொழி நெடுங்கணக்கைக் கொண்டு அமைந்தது. நாம் க என்று எழுதும் ஒரே எழுத்து கனகாங்கியில் ஒன்று, மூச்சு சேர்ந்து ஒலிக்கும் கரகரப்பிரியாவில் இரண்டு, தொண்டை அதிரும் கௌரிமனோகரியில் மூன்று.

நானே இதில் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். "நட என்றால் எத்தனை அடி?" என்று கதை போட்டேன். 20ஆம் மேளமாகிய நடபைரவியை மனத்தில் வைத்திருந்தேன். அதில் வருவது மூச்சு சேர்ந்த இரண்டாம் டகரம்; ந சுழியம், ட இரண்டு, திருப்பினால் 20. பாதிப்பேர் 10 என்றார்கள். நாடகப்பிரியாவில் வரும் முதல் டகரம் அவர்கள் கணக்கு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதானே என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தென்காசி அண்ணாச்சி ஒருவர், "நீங்க எல்லாரும் எழுத்தைப் பாக்கீங்க, நான் சத்தத்தைக் கேக்கேன்; விடை 30" என்று குரல் பதிவு அனுப்பினார். நாம் வாயால் "நட" என்று ஏவும்போது ஒலிப்பது அதிரும் மூன்றாம் டகரம் அல்லவா? கதை போட்டவனே தோற்றேன். அன்றுமுதல் கடபயாதிக் கதைகளை எழுதி அனுப்பாமல் குரலில்தான் அனுப்புகிறோம்.

கூட்டெழுத்து வந்தால் இரண்டு வழியாகவும் பார்த்துவிடுங்கள். தர்மவதியில் பின்னால் நிற்கும் மகரத்தைக் கொண்டு 59 என்கிறோம். சக்ரவாகத்திலோ முன்னால் நிற்கும் ககரத்தைக் கொண்டு 16 என்கிறோம்.

மேளங்களுக்கு இரு மரபுகளில் வேறு வேறு பெயர்கள் உண்டு; எந்த மரபுப் பெயர் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்த எட்டயபுரம், பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற இசை நூல் 1904இல் அச்சேறியதும் அங்கேதான். அந்த மரபில் அனுமத்தோடிக்கு ஜனதோடி என்றும், மேசகல்யாணிக்குச் சாந்தகல்யாணி என்றும் பெயர். இரு பெயர்களும் கடபயாதிப்படி ஒரே எண்ணைத்தான் தருகின்றன. எண் மாறாமல் பெயர் மட்டும் மாறுவதால், இதைத் தெரியாதவர்கள் சரியான விடையைத் தவறென்று சண்டை பிடிப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

சொந்தமாகக் கதை போட விரும்புபவர்கள் முத்துசுவாமி தீட்சிதர் ஆனந்தபைரவி இராகத்தில் அமைத்த கிருதியை, அதாவது பாடலை, கேட்கலாம். "தியாகராஜ யோக வைபவம், அகராஜ யோக வைபவம், ராஜ யோக வைபவம், யோக வைபவம், வைபவம், பவம், வம்" என்று பசுவின் வாலைப்போல அடி தேய்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு முறை தேயும்போதும் மிஞ்சியதற்குப் பொருள் இருக்கிறது. இராகப் பெயர்களை இப்படித் தலையிலிருந்து நறுக்கிப் பார்த்தால் ஒரு மாதத்துக்கு வேண்டிய கதைகள் கிடைக்கும்.

குழுவில் விடையை மட்டும் வீசிவிட்டுப் போகாமல் அழித்த வழியையும் சொல்லுங்கள். துப்புக் கேட்பவருக்குச் சக்கரத்தை முதலில் காட்டுங்கள், பெயரின் பொருளை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடிவிட்டு வந்து அழித்ததாகச் சொல்பவரை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம், அவருக்கு வழி சொல்லத் தெரியாது.

இந்த வாரம் எங்களிடம் அழியாமல் கிடக்கும் கதை இது: "ஆறாம் பருவத்தின் ஆறாம் நாள், நாடே அசைந்து ஆடியது."