டீசல் கேம்பர்வேனை விட்டு மின்சார வேனுக்கு மாறுவோர் செய்ய வேண்டியவை

பிரிட்டனில், படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள டீசல் கேம்பர்வேனில் பல கோடைகளைக் கழித்தவர்கள் மின்சார வேனைப் பற்றி முதலில் கேட்பது, ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை மைல் ஓடும் என்பதைத்தான். அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். டீசல் தொட்டி வண்டியை ஓட்டுவதோடு நிற்பதில்லை. வெபாஸ்டோ, எபர்ஸ்பேஹர் போன்ற ஹீட்டர்கள் இரவு முழுவதும் அந்தத் தொட்டியிலிருந்தே எரிபொருளை இழுத்து உட்புறத்தைச் சூடாக வைக்கின்றன. பகலில் இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர், விளக்குக்கும் குளிர்ப்பெட்டிக்கும் மின்சாரம் தரும் இரண்டாவது பேட்டரியை நிரப்பிவிடுகிறது. டீசல் போனால் இந்த மூன்று வேலைகளுக்கும் தனித்தனியே வழி தேட வேண்டும். ஆகவே வேனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், உங்கள் குடும்பத்தின் ஓர் இரவுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் தேவை என்று கணக்கிட்டுவிடுங்கள்.

அதில் பெரும்பங்கு வெப்பத்துக்கே போகும். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் மே மாத இரவும் குளிராகவே இருக்கும். ஒரு கிலோவாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் எரிந்தால் எட்டு யூனிட். டீசலில் அது ஏறத்தாழ ஒரு லிட்டர் என்பதால் இதுவரை கண்ணில் பட்டிருக்காது. மின்சார வேனில் அதே எட்டு யூனிட் மறுநாள் பயணத்தில் இருபது மைலைக் குறைக்கும். ஆகவே சன்னல்களுக்குத் தடித்த வெப்பக்காப்புத் திரைகளையும், 12 வோல்ட்டில் ஓடும் படுக்கைச் சூடேற்றியையும் முதலில் வாங்குங்கள்; அறையைச் சூடாக்குவதைவிடப் படுக்கையைச் சூடாக்குவதற்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும். குளிர்காலத்திலும் மின்வசதியில்லாத இடங்களில் தங்குபவர்கள், சிறு தொட்டியுடன் கூடிய டீசல் ஹீட்டரைத் தனியே பொருத்திக்கொள்வதில் தவறேதும் இல்லை என்பது என் கருத்து. ஆண்டுக்குச் சில லிட்டர் டீசல் எரிவதற்காக மாற்றத்தையே கைவிட வேண்டியதில்லை. எரியும் கருவி எதுவாயினும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது இரண்டாவது பேட்டரி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 1.28 யூனிட் இருக்கும். கம்ப்ரசர் குளிர்ப்பெட்டி நாளுக்கு ஏறத்தாழ அரை யூனிட் எடுக்கும் என்பதால், விளக்கையும் கைபேசியையும் சேர்த்தாலும் இரண்டு நாள் தாங்கும். கூரையில் சூரியத் தகடு இருந்தால் கோடையில் இன்னும் நீளும். வேன் ஓடும்போது அந்த இரண்டாவது பேட்டரியை நிரப்ப இங்கே ஆல்டர்னேட்டர் கிடையாது. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கருவியிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். எவ்வளவு எடுக்கலாம் என்பதை வேன் தயாரிப்பாளரின் வழிகாட்டியில் பார்த்து, அதற்குள் அடங்கும் சார்ஜரையே பொருத்துங்கள். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகளைத் தொடக்கூடாது. பெரிய பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால், பழைய வேனில் செய்ததுபோலக் கட்டிலையோ அலமாரியையோ பொருத்தத் தரையில் துளையிடுவதும் ஆபத்து. கியா பிவி5 போன்ற சில வேன்கள் வீட்டுச் சாதனங்களை ஓட்டும் மின்சாரத்தைப் பெரிய பேட்டரியிலிருந்தே தரும். அத்தகைய வசதி இருந்தால் இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கலாம், இல்லையேல் எரிவாயு அடுப்பே நல்லது.

இப்போது தூரத்துக்கு வருவோம். 77 யூனிட் பேட்டரியுடன் வந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி பஸ் (ID. Buzz) வேனுக்கு ஆய்வுக்கூட அளவீடு 250 மைலுக்கு மேல் காட்டும். மோட்டார்வேயில் யூனிட்டுக்கு இரண்டரை மைல், குளிர்காலத்தில் இரண்டு மைல் என்று வைத்துத் திட்டமிடுங்கள். எண்பது விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும். பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதும் நிம்மதியைக் கெடுக்கும். இடைப்பட்ட 54 யூனிட்டில் கோடையில் 135 மைல், குளிர்காலத்தில் 108 மைல் போகலாம். லண்டனிலிருந்து கார்ன்வாலுக்குப் போகிறவர்கள் பிரிஸ்டலை ஒட்டி ஒரு முறையும் எக்ஸிட்டரில் ஒரு முறையும் நின்றால், சாப்பாட்டு நேரமும் சார்ஜ் நேரமும் ஒன்றாகிவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், மணிக்கு 70 மைல் வேகத்தை 60 ஆகக் குறைத்தால் அந்த எதிர்ப்பு கால்பங்குக்கு மேல் குறையும். இதே காரணத்தால், உயர்ந்த நிலையான கூரையைவிட, நின்ற இடத்தில் தூக்கிக்கொள்ளும் கூரையே ஏற்றது. பழைய நிசான் இ-என்வி200 வாங்க நினைப்பவர்கள், அதன் வேக சார்ஜ் இணைப்பு சாடெமோ வகை என்பதையும், புதிய நிலையங்கள் பெரும்பாலும் சிசிஎஸ் வகைக்கே அமைக்கப்படுவதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

முகாம் தளத்தின் நீலநிற மின்முனையில் 10 ஆம்பியர் கிடைத்தால், பத்து மணி நேரத்தில் சுமார் 23 யூனிட், அதாவது ஏறத்தாழ 55 மைல் ஏறும். ஆனால் இடத்தை முன்பதிவு செய்யும்போதே அனுமதி கேளுங்கள். அந்த மின்கம்பிகளும் அதற்கான கட்டணமும் கெட்டிலையும் சிறு ஹீட்டரையும் நினைத்து அமைக்கப்பட்டவை. சொல்லாமல் வண்டியைச் செருகினால், பக்கத்துக் குடும்பத்தின் மின்சாரமும் சேர்ந்து துண்டிக்கப்படலாம். பயன்படுத்தும் யூனிட்டுக்குத் தனியே பணம் தருவதாக நீங்களே முன்வருவது முறை. சார்ஜ் கேபிளை 6 ஆம்பியருக்குக் குறைத்து வைத்துக்கொண்டால் மாலையில் சமைக்கவும் முடியும். சுருளாகவே இருக்கும் நீட்டிப்புக் கம்பி சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, வீட்டு மின்சாரத்துக்கு 5 விழுக்காடும் பொது சார்ஜர்களுக்கு 20 விழுக்காடும் வரி உண்டு. வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாதவர்களுக்குப் பெரிய சேமிப்பு இராது. மறுபுறம், யூரோ 6 என்னும் புகை வெளியேற்றத் தரத்துக்குக் கீழான டீசல் வேன்கள் 2023 ஆகஸ்ட் முதல் லண்டன் முழுவதும் நாளுக்கு 12.50 பவுண்ட் செலுத்த வேண்டியிருக்கிறது. பேட்டரியின் எடை ஏற்றக்கூடிய எடையைக் குறைப்பதால், தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, எல்லோரும் ஏறிக்கொண்டு, ஒரு முறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள்.

பழைய வேனை விற்பதற்கு முன் மின்சார கேம்பர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மூன்று இரவுகள் குளிர்காலத்திலேயே தங்குங்கள். ஒவ்வொரு மாலையும் காலையும் பேட்டரியின் விழுக்காட்டை ஒரு தாளில் குறித்துவந்தால், உங்களுக்கு எந்த அளவு பேட்டரி வேண்டும் என்பதை அந்த ஆறு எண்களிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.