கொழும்பு ஃபிளாட்டுக்கு ஊர் வீட்டுக் கணக்கு சரிவராது

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஃபிளாட்டுகளில் வீடு குழம்பிக் கிடப்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வளவும் கிணறும் பின்னுக்கு ஒரு கொட்டிலுமாக இருந்த ஊர் வீட்டில் பழகிய முறையை அப்படியே மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

எதையும் கழிக்காமல் வைத்திருப்பது அதில் முதலாவது. ஊரில் கொட்டில் எல்லாவற்றையும் தாங்கியது. இங்கே அவை கட்டிலுக்குக் கீழேயும் அலுமாரிக்கு மேலேயும் போகின்றன. பிஸ்கட் தகரம், ஐஸ்கிரீம் டப்பா, பழுதான மின்விசிறி, கல்யாண வீடுகளில் தந்த பைகள். இவற்றோடு, கனடாவிலிருந்து வந்த சித்தப்பா “அடுத்தமுறை வரேக்கை எடுக்கிறன்” என்று விட்டுப்போன சூட்கேஸ். அதற்குள் இருப்பது அநேகமாகக் கொழும்பில் யாருக்கும் தேவைப்படாத குளிர்ச்சட்டை. வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுத்து, அவர் பார்க்கத் திறந்து, எது வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கோபிக்க மாட்டார், அவருக்கே அதை ஞாபகம் இராது.

கழிப்பதற்கு முன்னரே புறக்கோட்டைக்குப் போய் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கிவருவது இன்னொன்று. அன்று பின்னேரம் வீடு பளிச்சென்றுதான் இருக்கும். பிறகு எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பெட்டி கடைசியாக வாங்க வேண்டிய சாமான். மிஞ்சியதைப் பார்த்து, வைக்கப்போகும் இடத்தை அளந்து, அப்புறம் வாங்கலாம்.

கொழும்பில் வீட்டை அதிகம் கெடுப்பது ஈரம். காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்கவே பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பர் மழை. காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்த்தி. யன்னல் கொளுக்கிகூடத் துருப்பிடிக்கும். இந்த ஊரில் அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். நாலு விரல் இடைவெளியாவது விடுங்கள். பிடித்த பூஞ்சணத்தைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், அதன் துகள்கள் அறை முழுக்கப் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்த இடம் நன்றாகக் காயும்வரை மின்விசிறியைத் திருப்பி வையுங்கள்.

பட்டுச் சேலைகளைக் கடை தந்த பொலித்தீன் உறையிலேயே வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தூசி படாதுதான். ஆனால் உள்ளே அடைபட்ட ஈரம் போக வழியில்லாமல் மடிப்பு மடிப்பாகப் புள்ளி விழுந்து, சரிகையும் கறுக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, பூச்சி உருண்டையைச் சரிகையில் முட்டாமல் மூலையில் போட்டு, வெயில் அடிக்கும் நாளில் நிழலில் விரித்து மடிப்பை மாற்றி வைத்தால் போதும். தோய்த்த உடுப்புகளைப் படுக்கையறைக் கொடியில் போட்டு யன்னலைச் சாத்தினாலும் அதே கதைதான், அந்தத் தண்ணீர் முழுக்கச் சுவருக்கும் மெத்தைக்கும் போகும். முற்றத்து வெயில் இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மலைபோல் தோய்க்க முடியாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை, பல்கனிக் கொடி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு தோய்ப்பதே சரிவரும்.

தீபாவளி, பொங்கல் வரட்டும், துப்புரவை ஒரேயடியாகச் செய்யலாம் என்று விடுவதும் இந்த ஈரத்தால்தான் பிழையாகிறது. பூஞ்சணம் பண்டிகை பார்ப்பதில்லை.

நுளம்பும் பார்ப்பதில்லை. 2017-ல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளியே கானைப் பார்த்துக் குறை சொல்லுகிறோம். டெங்கு நுளம்பு விரும்புவதோ வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த தண்ணீர். குழாயில் தண்ணீர் வராமல் போகும் என்று பயந்து நிரப்பி வைத்த வாளி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு. அந்தக் கடைசித் தட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. தண்ணீரை ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பிழை. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த தண்ணீருக்குப் பொரிக்கும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால் கிழமைக்கு ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

ஊரில் குளியலறை வெளியே இருந்தது. இங்கே சின்ன யன்னல், சில இடங்களில் அதுவும் இல்லை. அந்த அறைக்குள் கறை போகட்டும் என்று பிளீச்சையும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வெளிவரும். ஒருநாளில் ஒன்று மட்டும்.

குசினிக் கழிவை வாழையடியில் கொட்டிய பழக்கம் இங்கே எல்லாவற்றையும் ஒரே சொப்பிங் பையில் போட்டுக் கட்டுவதாக மாறிவிட்டது. ஈரக் கழிவும் பிளாஸ்டிக்கும் கலந்தால் நாறும், கரப்பான் வரும், மறுசுழற்சிக்கும் உதவாது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பின் குப்பையைக் கொட்டிவந்த மீதொட்டமுல்லை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்த பிறகு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மூடியுள்ள ஒரு வாளி ஈரக் கழிவுக்கு, ஒரு பை மற்றதுக்கு. மீன் கழுவிய நாளில் அந்தக் கழிவைப் பேப்பரில் சுற்றி உறைபெட்டியில் வைத்து, லொறி வரும் காலையில் எடுத்துப் போடலாம். முகம் சுளிக்காதீர்கள், மணம் வராது.

மிச்சம் இருப்பது ஆள் கணக்கு. ஊர் வீட்டில் அப்பம்மா, மாமி, சின்னம்மா என்று கைகள் இருந்தன. ஃபிளாட்டில் அதே வேலை ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது, அவரும் அலுவலகம் போய் வருகிறவர். “இதைக் கொஞ்சம் செய்து தாங்கோ” என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தால் கேட்பதே ஒரு வேலையாகிவிடும். வேலையை முழுசாகக் கொடுங்கள். குப்பை கணவருடையது என்றால் லொறி வரும் நாள், பை தீர்வது, வாளி கழுவுவது எல்லாம் அவருடையவை. துவாய் மகனுடையது என்றால் தோய்ப்பதிலிருந்து அலுமாரியில் வைப்பது வரை அவன் பாடு. அவன் கோணலாக மடித்திருப்பான். திருத்தி மடிக்கப் போகாதீர்கள். போனால் அடுத்த கிழமையிலிருந்து துவாய் திரும்பவும் உங்களிடம்தான்.