டைமிங் பெல்ட்: மார்க் சேர்ப்பதும் இழுவை வைப்பதும்

டைமிங் பெல்ட் என்பது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டையும் இணைக்கும் பல் வைத்த பட்டை. அதை மாட்டும் முன் இன்ஜின் முழுக்க ஆறட்டும். சென்னை வெயிலில் நின்ற வண்டியென்றால் ராத்திரி நிழலில் விட்டு, காலையில் கை வையுங்கள். சூட்டில் வைத்த இழுவை (பெல்ட்டின் விறைப்பு) ஆறியதும் தளர்ந்துவிடும்.

கிராங்க், கேம் பல்சக்கரங்களின் மார்க்குகளை இன்ஜினில் உள்ள குறிகளோடு சேர்த்து நிறுத்துங்கள். பெல்ட்டை கிராங்க் பல்லில் தொடங்கி, டென்ஷனர் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளை) இல்லாத பக்கம் துளியும் தொய்யாமல் கேமுக்கு ஏற்றுங்கள். தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம்தான் வரவேண்டும். டென்ஷனர் முள் குறிக்கு நேராக வந்ததும், மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவில் போல்ட்டை முறுக்குங்கள்.

பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் 2 முழுச் சுற்று. கெட்டியாகத் தடுத்தால் உடனே நிறுத்துங்கள். வால்வு பிஸ்டனில் முட்டியிருக்கலாம். சுற்றி முடித்ததும் மார்க்குகளைப் பாருங்கள்; ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழற்றி மறுபடி போடுங்கள்.

இழுவை அதிகமானால் ஊளைச் சத்தம் வரும், பேரிங் தேயும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய பெல்ட் கிடைத்தாலும் வாங்காதீர்கள், உள்நூல் அறுந்தது வெளியே தெரியாது.