துருப்பிடித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வீட்டு ஷெட்டிலேயே மீட்பது எப்படி?

செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீடுகளின் பின்கட்டை ஒட்டிய ஷெட்டில், ஐயா காலத்துக் கார் ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் நிற்பது இன்றும் உண்டு. அப்படி நிற்கும் வண்டிகளில் வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்ய மிகத் தோதானது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி, 948 சிசி என்ஜின். இத்தாலியரான மிக்கலோட்டி வரைந்த உருவம். அவரே வரைந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் (1962) ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுருக்கி அமைத்ததுதான். ஆகவே இங்கே வருவதில் பெரும்பகுதி ஸ்பிட்ஃபயருக்கும் செல்லும்.

ஹெரால்டின் பெரிய வசதி அதன் தனிச் சேஸிஸ். பானட், முன்பாதி, பின்பாதி, கதவு, டிக்கி எல்லாம் போல்ட்டில்தான் நிற்கின்றன. ஸ்பேனரும் நாலு ஆளும் இருந்தால் பாடியை இறக்கி வைத்துவிடலாம்.

வேலையைத் தை மாதம் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்துப் போட்ட தகடு ஒரே இரவில் பழுப்பேறும். ஆடிக்காற்றிலோ செம்மண் தூசி பறந்து வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். வெல்டிங்கும் பிரைமரும் பங்குனிக்குள் முடிந்துவிடுவது நல்லது.

முதல் வேலை கழுவுவது. நம் ஊர்ச் செம்மண்ணும் துருவும் ஒரே நிறம். மண் அப்பியிருக்கும்வரை எது துரு, எது தூசி என்று கண்ணுக்குத் தெரியாது. பிரஷர் வாஷர் வைத்து அடிப்பக்கம் முழுக்க அடித்து, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். கடற்காற்றின் உப்பு இங்கே இல்லாததால் கூரை, கதவின் மேல்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெடுவது கீழேதான். மண்தரையிலிருந்து ஏறும் ஈரம், ஓட்டிலிருந்து ஒழுகிய நீர், சேஸிஸின் பக்கக் கைகளுக்குள் இறுகிப்போன மண் ஆகிய மூன்றும் சேர்ந்து தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் பளிச்சென்று இருக்கும், உள்ளே தகடு காகிதமாகிவிட்டிருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் நல்ல தகடு. மொத்தென்றால் அங்கே சாக்குத் தைக்கும் குத்தூசியை அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். நடுச் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், பேட்டரி தட்டின் அடி, முன் தரைத்தகட்டில் கால் வைக்கும் மூலை, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.

கிரைண்டரைக் கையில் எடுக்கும்முன் ஆர்.சி. புத்தகத்தையும் சேஸிஸ் எண் தகட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தகட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், அதன்மேல் கிரைண்டரில் பூட்டும் கம்பித் தூரிகையான கப் பிரஷ் படக்கூடாது. 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் பழைய சேஸிஸைத் தூக்கிப் போட்டு வேறொன்றைத் தேடுவதைவிட, இருப்பதை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவதே சரி.

பேட்டரி, பெட்ரோல் டேங்க், சீட், கார்ப்பெட் எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகுதான் தீப்பொறி பறக்கும் வேலை. காலியான பெட்ரோல் டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து, உள்ளே தங்கும் ஆவி வெடிக்கும். டேங்க்கை வீட்டில் வெல்டிங் செய்யவே வேண்டாம். பக்கத்தில் இரண்டு வாளி மணல் இருக்கட்டும்.

பாடியை இறக்கும்முன் கதவு இடைவெளியை நாலு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். கதவைக் கழற்றி, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூண்வரை 25 மி.மீ. சதுரக் குழாய் ஒன்றைக் குறுக்கே பற்றவையுங்கள். இதைச் செய்யாமல் தரைத்தகட்டை வெட்டினால் வாசல் சுருங்கி, பிறகு கதவு சாத்தாது. ஸ்பிட்ஃபயரில் இது இன்னும் முக்கியம். அதில் பக்கவாட்டுச் சேஸிஸ் கிடையாது, கதவுக்குக் கீழுள்ள பெட்டித்தகடே வண்டியின் எடையைத் தாங்குகிறது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள ரப்பர், வாஷர்களை இடம் எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள். கதவு இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது அந்த வாஷர்கள்தான்.

சேஸிஸை நாலு ஸ்டாண்டில் ஏற்றியதும், கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பால் நாலு மூலையும் மட்டம் பாருங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்களவு. இரண்டு குறுக்களவும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்குமேல் வித்தியாசம் வந்தால் வண்டி எப்போதோ அடிபட்டிருக்கிறது, முதலில் அதை நிமிர்த்த வேண்டும். பக்கக் கைகளை ஒவ்வொன்றாகத்தான் வெட்டி மாற்றுவது. இரண்டை ஒருசேர வெட்டினால் அளவு போய்விடும்.

சேஸிஸுக்கு 2 மி.மீ. தகடு, தரைக்கும் பாடிக்கும் 0.9 மி.மீ. சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகடு போதும். கேட், கிரில் பட்டறையின் ஆர்க் வெல்டிங் சேஸிஸுக்கு ஒத்துவரும், தரைத்தகட்டில் ஓட்டை போட்டுவிடும். கியாஸ் வெல்டிங் சூட்டில் பாடித்தகடு அலையலையாக நெளியும். கம்பி தானே வெளிவந்து கியாஸ் காப்பில் பற்றவைக்கும் மிக் வெல்டிங் மிஷினை, 0.8 மி.மீ. கம்பியோடு, வாடகைக்கு எடுங்கள். துருவை வெட்டும்போது கெட்ட இடத்தோடு நிறுத்தாமல், சுற்றிலும் பளபளப்பான தகடு தெரியும்வரை போகவேண்டும். மெலிந்த தகட்டில் பற்றவைத்தால் பக்கத்திலேயே கிழியும். 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வீதம், ஒன்று இந்த ஓரம், அடுத்தது எதிர் ஓரம் என்று மாற்றி மாற்றி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுத்தான் அடுத்த புள்ளி. ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு கோணிக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்று படியும் முகங்களுக்குத் துத்தநாகப் பிரைமர் அடித்து மூடுங்கள், பிறகு அங்கே தூரிகை நுழையாது.

சின்ன உதிரிகளான பிராக்கெட், கீல், பெடல் ஆகியவற்றுக்கு சோடா நீரில் மின்சாரம் பாய்ச்சித் துருவை நீக்கும் மின்பகுப்பு முறையே சிறந்தது. அரிப்பையும் மின்வேதியியலையும் ஆராயும் மத்திய நிறுவனம் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது, வள்ளல் அழகப்பர் தந்த 300 ஏக்கரில். அந்த அறிவியலின் எளிய வடிவத்தை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் செய்துவிடலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சலவை சோடா. டிரம் ஓரத்தில் சுற்றிவர இரும்புக் கம்பிகள், அவை பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவுக்கு. நடுவில் தொங்கும் துருப்பிடித்த பாகம் நெகட்டிவுக்கு. மாற்றிக் கொடுத்தால் பாகமே கரைந்துபோகும். 12 வோல்ட்டில் இரவு முழுக்க ஓடட்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்தான் வேண்டும், புதிய தானியங்கிச் சார்ஜர் எதிரே பேட்டரி இல்லாவிட்டால் ஓடாது. சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வரும். எவர்சில்வர் கம்பி போட்டால் குரோமியம் நஞ்சு நீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்தவெளியில் வையுங்கள், பீடி சிகரெட் அருகில் வரக்கூடாது. ஸ்பிரிங், வீல் போல்ட், ஸ்டியரிங் பாகங்களை இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும். அலுமினியத்தைச் சோடாவே தின்றுவிடும்.

வெளியே எடுத்த பாகத்தை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடியுங்கள். ரெட் ஆக்சைடு மலிவுதான், ஆனால் ஈரத்தை உறிஞ்சும். அதோடு ஒரு மழைக்காலத்தைக் கடத்த முடியாது. பாடிக்கும் வரிசை இதுவே: எபாக்சி, அதன்மேல் புட்டி, மறுபடி பிரைமர். வெறும் தகட்டில் புட்டி அப்பினால் அது ஈரம் வாங்கி ஒரு வருஷத்தில் கொப்பளிக்கும். புட்டியின் கனம் 3 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் தகட்டு வேலை முடியவில்லை என்று பொருள். காலை எட்டிலிருந்து பத்துக்குள் அடியுங்கள். உச்சி வெயிலில் தகடு கொதிக்கும்போது அடித்தால் பெயிண்ட் படியும்முன்பே காய்ந்து சொரசொரப்பாகும். மேல்கோட்டான டூ-கே பெயிண்டில் (ஹார்டனர் கலந்து அடிப்பது) நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. அதை மட்டும் பெயிண்ட் பூத் உள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

என்ஜின் இறுகியிருந்தால் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்கு 30 மில்லி டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, கிராங்க் நட்டில் ஸ்பேனர் வைத்து முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கியரில் போட்டுத் தள்ளினால் பிஸ்டன் ரிங் உடையும். பிரேக்கில் சிலிண்டர் ரப்பர், ஹோஸ், பைப் மூன்றையும் பார்க்காமலே மாற்றிவிடலாம்.

முன்சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடியில், ஸ்டியரிங் திரும்பும்போது சுழல இடம் தரும் மூட்டான பித்தளை டிரனியனில் மட்டும் அவசரம் கூடாது. அதற்குள் சுழல்வது இரும்பு மரை. கிரீஸ் அடித்தால் இறுகிப்போய், தண்ணீர் புகுந்து, மரையின் கழுத்தில் துருப்பிடித்து ஒருநாள் திருப்பத்தில் முறியும். சக்கரம் அப்படியே மடங்கிவிடும். ஆகவே இ.பி. 90 கியர் ஆயில் மட்டும் ஊற்றவேண்டும். இடதும் வலதும் எதிரெதிர் மரை, மாற்றிப் பூட்டாதீர்கள். மரையில் குழி விழுந்திருந்தால் புதியதைத் தேடுங்கள், சென்னை புதுப்பேட்டையில் விசாரித்துப் பார்க்கலாம்.

பாடியை ஏற்றியபின் சேஸிஸ் பெட்டிகளுக்குள் நீண்ட குழாய் விட்டு, துருவைத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வேக்ஸ் அடியுங்கள், கீழ்த்துளைகளில் சொட்டும்வரை. துளைகளை அடைக்காதீர்கள், உள்ளே போன நீர் வெளியேற வேறு வழி இல்லை. எரிந்த என்ஜின் ஆயிலைப் பூசும் பழக்கம் ரப்பரைக் கெடுக்கும். ஷெட்டின் மண்தரையில் பாலித்தீன் விரித்து அதன்மேல் கல்லோ கான்கிரீட்டோ போடுங்கள். வண்டியைத் தார்ப்பாயால் மூடாமல் பருத்தித் துணியால் மூடுங்கள். ஐப்பசிக்கு முன் ஒருமுறை அடியில் படுத்து, வேக்ஸ் உரிந்த இடங்களைத் தொட்டுப் பூசிவிடுங்கள்.