அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தெளிய வைப்பது: மலையில் கோழி வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு

முட்டை எடுக்கக் கை விட்டால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறதா? நெஞ்சுச் சிறகு உதிர்ந்து வெறும் தோல் தெரிகிறதா? நாளுக்கு ஒரு தரம் இறங்கி, பெரிதாக, நாற்றமெடுக்க எச்சம் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் படுக்கிறதா? அப்படியானால் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. எங்கள் கோத்தகிரி வீட்டில் அத்தை "அவயத்துக்குப் படுத்துருச்சு" என்பார். அவர் பிறந்தது காரமடைப் பக்கம்.

அவசரப்பட வேண்டாம். சில கோழிகள் முட்டையிடவே நெடுநேரம் எடுக்கும். இருட்டிய பிறகு போய்ப் பாருங்கள். முட்டையிடும் கோழி கம்பில் ஏறியிருக்கும். அடைக்கோழி பெட்டியிலேயே கிடக்கும்.

இது நோயல்ல. புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடினால் கோழிக்கு அடை காக்கும் எண்ணம் வந்து, முட்டை நின்றுபோகும். கதகதப்பான கூடும் அடியில் கிடக்கும் முட்டையும் அதை இன்னும் தூண்டும். அந்த எண்ணத்தை விட வைப்பதுதான் தெளிய வைப்பது. ஆகவே வயிற்றுக்கடியில் சூடு சேராமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சூட்டைக் குறைக்கத்தானே கீழ்நாட்டில் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள்? அத்தை சொல்லி நானும் ஒரு ஜூலை மாதம் வாளியில் முக்கினேன். மேட்டுப்பாளைய வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடும். இங்கே மூடுபனியில் எங்கே காய்வது? நடுங்கிப்போன கோழியைச் சாக்கில் சுற்றி, அடுப்படியில் இரவு பத்து மணி வரை மடியில் வைத்திருந்தேன். மறுநாள் காலை அது நேரே முட்டைப் பெட்டிக்கே போனது. மலையில் அந்த வைத்தியம் வேண்டாம். மூக்கில் இறகு செருகுவதும் பட்டினி போடுவதும் எங்கேயும் வேண்டாம்.

எனக்குப் பலித்தது கேரட் அடுக்கும் கிரேட். அடி சல்லடையாக இருக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றை நான்கு செங்கல் மேல் வையுங்கள். அடியில் காற்று ஓட வேண்டும், அதுதான் முக்கியம். வைக்கோல், சாக்கு எதுவும் விரிக்காதீர்கள். கோழியை உள்ளே விட்டு, இன்னொரு கிரேட்டைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். பகலில் வெளிச்சமான, மழைச்சாரல் படாத திண்ணையில் வையுங்கள். இரவில் கிரேட்டோடு உள்ளே தூக்கிவிடுங்கள்; கீரியும் மரநாயும் வரும் ஊர் இது.

மூன்று நாள் கழித்துத் திறந்துவிடுங்கள். மற்ற கோழிகளோடு கிளறப் போனால் தெளிந்தது. பெட்டிக்கே ஓடினால் இன்னும் இரண்டு நாள். உட்கார்ந்த மறுநாளே பிடித்தால் சீக்கிரம் தெளியும். பத்து நாள் விட்டுவிட்டால் நம் பொறுமையைத்தான் சோதிக்கும். மறுபடி முட்டையிட இரண்டு வாரம்போல ஆகும். இனி அன்றாடம் முட்டையை எடுத்துவிடுங்கள்.

எல்லாக் கோழியையும் தெளிய வைக்கத்தான் வேண்டுமா என்றால், எனக்கு மனசில்லை. மழைக்காற்றில் கரண்டு போனால் பல்பை நம்பிய குஞ்சு விறைத்துவிடும், தாய்ச்சிறகுக்கு அந்தக் கவலை கிடையாது. ஆனால் காலம் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஈரம், டிசம்பர், ஜனவரியில் உறைபனி. நான் பிப்ரவரியில் உட்காரும் கோழிக்குத்தான் அடை வைப்பேன். சேவல் சேர்ந்த, ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டை பத்து போதும். இரவில் வைத்தால் கோழி முரண்டு பிடிக்காது. பேன் பிடிக்காமலிருக்கப் பக்கத்திலேயே சாம்பலும் மண்ணும் கலந்து கொட்டிவையுங்கள், புரண்டுகொள்ளும். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று பயந்து அத்தை அடைக் கூடையில் கரித்துண்டும் ஆணியும் போடுவார். ஆணி இல்லாமலும் பொரிக்கும், ஆனாலும் அவர் போட்டதை நான் வெளியே எடுப்பதில்லை.

ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்திபோலச் சிவந்த நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. ஒன்றுமில்லாமல் தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். 21ஆம் நாள் சத்தம் கேட்டதும் கூடையைக் கிளறிப் பார்க்காதீர்கள். கடைசிக் குஞ்சும் காய்ந்த பிறகு தாயே இறக்கிக்கொண்டு வரும்.