கேபிளா, ஸ்ட்ரீமிங்கா: சந்தா கட்டும் முன்

சிங்கப்பூரில் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான ஸ்டார்ஹப் தன் பழைய கேபிள் வலையமைப்பை 2019-இல் மூடிவிட்டது. இப்போது கட்டணச் சேனல்களும் ஸ்ட்ரீமிங்கும் பெரும்பாலும் ஃபைபர் இணைய இணைப்பு வழியாகவே வருகின்றன.

இரண்டு வாரம், வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்துவையுங்கள். இலவசத் தமிழ்ச் சேனலான வசந்தம் மட்டும் போதுமா? சந்தாவே வேண்டாம். டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-டி2 வசதியுள்ள டிவியும் சின்ன ஆண்டெனாவும் போதும். ஆண்டெனாவை ஜன்னலோரம் வைத்து, சேனல்களை மறுபடி தேடவிடுங்கள். மீடியாகார்ப்பின் மீவாட்ச் செயலியிலும் வசந்தம் இலவசம்தான்.

தாத்தா பாட்டி நாள் முழுக்கத் தொடர் பார்க்கும் வீட்டுக்கு கட்டணச் சேனல்கள் வரும் செட்-டாப் பாக்ஸே நல்லது. ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் சேனல் வந்துவிடும். செயலிக்குள் தேடச் சொல்லி அவர்களைத் தவிக்கவிடாதீர்கள். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தக் காலம், இடையில் நிறுத்தினால் கட்ட வேண்டிய தொகை, பாக்ஸ் வாடகை, சலுகை முடிந்தபின் விலை நான்கையும் கேளுங்கள். விலையில் 9% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படம் மட்டும் பார்ப்பவர்கள் ஒரு மாதம் ஸ்ட்ரீமிங் எடுத்து, பார்த்து முடித்ததும் ரத்துசெய்யலாம். நெட்ஃபிளிக்ஸில் 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் இணைய வேகம் போதும். அப்படியும் படம் திக்கினால் வேகமான திட்டத்துக்கு மாறிவிடாதீர்கள். வைஃபையை, வீட்டிலுள்ள பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரின் தடித்த கான்கிரீட் சுவர் மறைக்கலாம். முதலில் ரவுட்டரிலிருந்து டிவிக்கு லேன் ஒயர் போட்டுப் பாருங்கள்.